சர்க்கரை குணமானது எந்த எலிக்கு?

டிபி (db) எலிகள் என்றால் காசநோய் எலிகள் இல்லை, பரம்பரையாகவே சர்க்கரை வருகிற ஆய்வுக்கூட எலிகள். அவை இருக்கும் கூண்டைக் கண்டுபிடிக்க அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கவே வேண்டாம். அடியில் பரப்பியிருக்கும் சோளச்சக்கைத் துகளை முந்தாநாள்தான் மாற்றியிருப்பார்கள், அதற்குள் சொதசொதவென்று நனைந்து கிடக்கும், மூடியைத் திறந்தால் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். பக்கத்துக் கூண்டுத் தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசி இருக்கும்போது இதில் சுத்தமாகக் காலி. சர்க்கரை கைமீறிப் போன மனிதருக்கு நடப்பதுதான் இதற்கும் நடக்கிறது: தீராத தாகம், ஓயாத சிறுநீர். வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மருந்துக்கடையில் வாங்குகிற அதே குளுக்கோமீட்டரில் வைத்தால் பல நேரம் எண்ணே வராது, ‘ஹை’ என்றுதான் வரும். 600-ஐத் தாண்டினால் பெரும்பாலான மீட்டர்கள் எண்ணுவதை நிறுத்திக்கொள்ளும்.

இந்த எலிகளோடுதான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் வீட்டு வாட்ஸாப் குழுவில் சர்க்கரை பற்றி எது வந்தாலும் என்னைத்தான் இழுப்பார்கள். போன மாதம் சித்தப்பா ஒன்றை அனுப்பியிருந்தார், ஏதோ ஒரு இலைச் சாறு கொடுத்ததில் எலிகளுக்குச் சர்க்கரை குணமாகிவிட்டதாம், நமக்கு எப்போம்மா வரும் என்று கேட்டிருந்தார். “எந்த எலி சித்தப்பா?” என்றேன். “எலியில என்னம்மா எந்த எலி, எலின்னா எலிதானே” என்றார். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. நான் நிஜமாகத்தான் கேட்டேன். இந்தத் துறையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான், அதை வாட்ஸாப்பில் இரண்டு வரியில் விளக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், அட்லாண்டிக் கரையோரம், பார் ஹார்பர் என்று ஒரு சின்ன ஊர். அங்கேதான் 1929-இல் கிளாரன்ஸ் குக் லிட்டில் என்பவர் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். ஒரே வம்சத்துக்குள் அண்ணன் தங்கையாகவே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்ய வைத்து, ஒரு எலிக்கும் இன்னொரு எலிக்கும் மரபணுவில் வித்தியாசமே இல்லாதபடி வளர்ப்பதுதான் அவர்கள் வேலை. 1947 அக்டோபரில் அந்தத் தீவில் பெரிய காட்டுத்தீ, ஆய்வுக்கூடம் எரிந்து போனது, எலிகளும் போயின. முன்பு அங்கிருந்து எலி வாங்கியிருந்த ஆய்வாளர்கள் பல ஊர்களிலிருந்து அதே வம்ச எலிகளைத் திருப்பி அனுப்பித்தான் கூண்டுகள் மறுபடி நிரம்பின. அப்படி மீண்டு வந்த இடத்தில் 1949-இல் ஒரு எலி அளவுக்கு மீறிக் குண்டாக இருந்தது கண்ணில் பட்டது. மறு வருடம் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது. எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் பரம்பரையாக இறங்குகிறது என்பது மட்டும் தெளிவு. ஓபி என்று பெயர் வைத்தார்கள். அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் அந்தக் குறையை வாங்கிய குட்டி சாப்பிட்டுக்கொண்டே இருக்கும், சாதாரண எலியைப் போல மூன்று மடங்கு எடை வரைக்கும் போகும். 1966-இல் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொரு குண்டு எலியைப் பற்றி எழுதினார்கள். பார்க்க அதே மாதிரிதான், ஆனால் இதற்குச் சர்க்கரை படுமோசம். இதுதான் டிபி.

டக்ளஸ் கோல்மன் கனடாக்காரர், உயிர்வேதியியல் படித்தவர், ஒன்றிரண்டு வருடம் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று 1958-இல் பார் ஹார்பருக்கு வந்து, பிறகு அங்கேயே தங்கிவிட்டார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. டிபி எலியின் ரத்தத்தில் ஏதாவது ஓடுகிறதா, அது இன்னொரு எலியின் உடம்புக்குள் போனால் என்ன ஆகும்? அதைப் பார்க்க இரண்டு எலிகளைப் பக்கவாட்டில், தோளிலிருந்து இடுப்பு வரை, தோலோடு தோல் சேர்த்துத் தைத்தார். சில நாளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் இணைந்துகொண்டு, இதன் ரத்தம் அதற்கும் அதன் ரத்தம் இதற்கும் மெதுவாகக் கசிய ஆரம்பிக்கும். படிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது, எனக்கும்தான். இன்றைக்கு இந்தியாவில் இப்படி ஒன்றைச் செய்ய வேண்டுமென்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு முன்னால் உட்கார்ந்து, ஏன் வேறு வழியே இல்லை என்று வரிவரியாகப் பதில் சொல்ல வேண்டும். சொல்ல வைப்பது சரிதான்.

டிபி எலியையும் சாதாரண எலியையும் தைத்தபோது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சாதாரண எலி சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. முன்னால் தீனி இருக்கிறது, வாய் வைக்கவில்லை. ரத்தச் சர்க்கரை இறங்கிக்கொண்டே போய்ச் செத்தது. அறுத்துப் பார்த்தால் இரைப்பையும் குடலும் காலி, ஒட்டியிருந்த டிபி எலிக்கோ வயிறு முட்டத் தீனி. அப்புறம் ஓபியையும் டிபியையும் தைத்தார், ஓபி அதே மாதிரி பட்டினி கிடந்து செத்தது. ஓபியையும் சாதாரண எலியையும் சேர்த்தபோது மட்டும் யாரும் சாகவில்லை, ஓபி குறைவாகச் சாப்பிட்டு எடை ஏறுவது மட்டுப்பட்டது.

இதை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், விடை தானாக வரும். ‘போதும், வயிறு நிறைந்துவிட்டது’ என்று சொல்கிற ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது. ஓபி எலியால் அதைத் தயாரிக்க முடியாது, ஆனால் வெளியிலிருந்து வந்தால் கேட்டுக்கொள்ளும். டிபி எலி அதைத் தயாரித்துக் குவிக்கிறது, ஆனால் அதன் காதில் அது விழுவதில்லை. விழாததால் இன்னும் இன்னும் குவிக்கிறது, அந்த வெள்ளம் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அப்பாவியின் உடம்பில் பாய்ந்து அதன் பசியையே கொன்றுவிடுகிறது. 1969-இலும் 1973-இலும் கோல்மன் இதை எழுதினார். அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க வருடக்கணக்கில் முயன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. குண்டாக இருப்பது நாக்கை அடக்காததால் வருவது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம், பசியை ஒரு ஹார்மோன் ஆட்டி வைக்கிறது என்றால் யார் கேட்பார்கள்.

மரபணுவைக் கண்டுபிடித்தது நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு, 1994 டிசம்பரில். எட்டு வருட உழைப்பு. கொழுப்புத் திசு சுரக்கிற ஒரு ஹார்மோன் அது, லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். வெறும் எண்ணெய்ச் சேமிப்பு என்று நினைத்திருந்த கொழுப்பு, மூளைக்குத் தகவல் அனுப்பும் உறுப்பாகப் பதவி உயர்வு பெற்றது அப்போதுதான். அடுத்த வருடமே லெப்டினைச் செயற்கையாகத் தயாரித்து ஊசி போட்டார்கள். ஓபி எலி இரண்டே வாரத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் எடை குறைந்தது. டிபி எலிக்கு எத்தனை போட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. கோல்மன் இருபது வருடம் முன்பு சொன்னது எழுத்துக்கு எழுத்து. 2010-இல் இருவருக்கும் சேர்த்து லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

இனிமேல்தான் சித்தப்பாவுக்கான பகுதி. ஆம்ஜென் நிறுவனம் லெப்டின் உரிமத்துக்கு 2 கோடி டாலர் முன்பணம் கொடுத்தது. ஊசி போட்டால் இளைக்கிறது என்றால் சும்மாவா. ஆனால் குண்டாக இருந்த மனிதர்களின் ரத்தத்தைச் சோதித்தால் பெரும்பாலானவர்களுக்கு லெப்டின் குறைவாக இல்லை, அதிகமாக இருந்தது. ஊசி போட்டுப் பார்த்தபோது பலன் சொற்பம். நம்மில் பெரும்பாலோர் ஓபி எலி இல்லை, அவ்வளவுதான் விஷயம். அதே நேரத்தில் இங்கிலாந்தில் பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த இரண்டு குழந்தைகள், ஒன்றுவிட்ட அக்கா தம்பி, எட்டு வயதுப் பெண் 86 கிலோ, இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. 1997-இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் அவர்கள் ரத்தத்தில் தேடியபோது லெப்டின் இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி போட ஆரம்பித்ததும், ஒரு வருடத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. எலியில் வேலை செய்தது மனிதரிலும் அச்சு அசலாக வேலை செய்தது, உலகத்தில் மிக மிகச் சிலருக்கு. உடம்பில் கொழுப்புத் திசுவே இல்லாமல் போகும் ஓர் அரிய நோய்க்கும் லெப்டின் மருந்தை 2014-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

ஆக “எலிக்குக் குணமானது” என்ற செய்தி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் உண்மைதான். அந்த எலிக்கு எது கெட்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் கோளாறு.

எலியின் வம்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிபி மரபணுவை ஒரு வகை கறுப்பு எலிக்குள் வைத்தால் கணையம் களைத்து, இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்து, சில மாதத்தில் எலி செத்துப்போகும். அதே மரபணு, அதே கோளாறு, இன்னொரு வகை கறுப்பு எலிக்குள் வைத்தால் கணையம் இன்சுலினைக் கொட்டிச் சமாளிக்கிறது, சர்க்கரை கொஞ்ச நாள் ஏறிவிட்டு இறங்கிவிடும், குண்டு மட்டும் குறையாது. இதையும் காட்டியது கோல்மன்தான். என்னைக் கேட்டால் தைத்த சோதனையைவிட இது பெரிய கண்டுபிடிப்பு, இதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. குண்டாக இருக்கும் எல்லோருக்கும் ஏன் சர்க்கரை வருவதில்லை என்று நாம் இன்றைக்கும் கேட்கிற கேள்வியின் எலி வடிவம் அது.

மரபணுக் கோளாறெல்லாம் வேண்டாம், தின்று தின்று வந்த சர்க்கரையைப் படிக்க வேண்டும் என்றால் சி57 பிளாக் 6 என்ற கறுப்பு எலி. இது ஏபி லாத்ராப் என்ற அம்மையாரிடமிருந்து வந்த வம்சம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, மாசசூசெட்ஸ் கிராமத்தில் வளர்ப்புப் பிராணியாக விற்க எலி வளர்த்தவர். அவருடைய 57-ஆம் எண் பெண் எலியின் வாரிசுகள்தான் இன்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. இதற்குக் கலோரியில் 60 சதவீதம் கொழுப்பிலிருந்து வருகிற தீனி போடுவோம். பன்றிக் கொழுப்பு சேர்த்தது, சாயம் போட்டு நீல நிறத்தில் இருக்கும், கையுறையில் பிசுபிசுவென்று ஒட்டும், குளிரில் வைக்காவிட்டால் சிக்கு வாடை வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் எலி கொழுகொழுவென்று ஆகி, முடியெல்லாம் எண்ணெய் தடவிய மாதிரி ஆகிவிடும். கலோரியில் 60 சதவீதம் கொழுப்பாக நம் வீட்டில் யாராவது சாப்பிடுகிறார்களா? கல்யாணப் பந்தியில் கூட அவ்வளவு வராது. நம்மூர்ச் சர்க்கரை பெரும்பாலும் அரிசியோடும் மைதாவோடும் வருவது. தவிர, இந்தக் கறுப்பு எலியிலேயே ஜாக்சனில் இருக்கும் கிளைக்கும் 1951-இல் அங்கிருந்து அரசு ஆய்வகத்துக்குப் போன கிளைக்கும் வித்தியாசம் உண்டு. ஜாக்சன் கிளைக்கு இடையில் எப்போதோ ஒரு மரபணுத் துண்டு தானாகவே விழுந்துவிட்டது, அதனால் குளுக்கோஸ் ஏறும்போது இன்சுலின் சுரப்பதில் கொஞ்சம் மந்தம். இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஒப்பிட்ட கட்டுரைகள் எத்தனையோ.

அப்புறம் அறையின் வெப்பம். இது எனக்குப் பிடித்த விஷயம். எலி அறைகளை 20 முதல் 22 டிகிரியில் வைக்கிறோம், ஏனென்றால் கோட்டும் முகமூடியும் மாட்டிக்கொண்டு வேலை செய்கிற நமக்கு அது சுகம். எலிக்குச் சுகமான வெப்பம் கிட்டத்தட்ட 30 டிகிரி, அதாவது மதுரையில் மின்விசிறிக்குக் கீழே உட்காருகிற வெப்பம். 25 கிராம் உடம்பு, 22 டிகிரியில் அது ஓயாமல் குளிரோடு மல்லுக்கட்டுகிறது, தின்பதில் பெரும்பகுதியை உடம்பைச் சூடாக வைக்கவே எரிக்கிறது. சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பில் ஒரு புரதம் உண்டு, அது இல்லாத எலி குண்டாக வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள், ஆகவில்லை. வருடங்கள் கழித்து 2009-இல் ஸ்வீடன் குழு ஒன்று அதே எலியை 30 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து வளர்த்தது, குண்டானது. விடையை மறைத்துக்கொண்டிருந்தது ஏசி.

குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனையை மருத்துவமனையில் செய்துகொண்டவர்களுக்குத் தெரியும், வெறும் வயிற்றில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொல்லி இரண்டு மணி நேரம் ரத்தம் எடுப்பார்கள். எலிக்கும் அதேதான், வயிற்றுக்குள் ஊசியில் போகும். ஆனால் எலி ராத்திரியில் சாப்பிடுகிற பிராணி. நம்மைப் போல இரவெல்லாம் பட்டினி போட்டால் அதன் ஒரு நாள் சாப்பாட்டையே பிடுங்கியதாக ஆகும், ஒரே ராத்திரியில் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் இழந்து, ஈரலில் சேமித்ததெல்லாம் தீர்ந்து, உடம்பு வேறு கதிக்குப் போய்விடும். அதனால் காலையில் தீனியை எடுத்துவிட்டு மத்தியானம் சோதிப்பதுதான் நல்ல வழக்கம். பிடரியை இறுக்கிப் பிடித்தாலே பயத்தில் சர்க்கரை ஏறும், ஆகவே அதற்கு முந்தின வாரம் முழுக்க சும்மா கையில் எடுத்து எடுத்து விட வேண்டும். இன்னொன்று: ஊசி அளவு எடைக்குத் தகுந்தபடி, கிலோவுக்கு 2 கிராம். 25 கிராம் எலிக்கு 50 மில்லிகிராம், 50 கிராம் குண்டு எலிக்கு 100. கூடுதலாக இருக்கும் எடை பெரும்பாலும் கொழுப்பு, குளுக்கோஸை உறிஞ்சுகிற தசை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குண்டு எலிக்கு இரட்டிப்பு குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, பாருங்கள் சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதுகிறோம்.

ஆணா பெண்ணா என்பதும் உண்டு. நீலத் தீனிக்குக் கறுப்பு ஆண் எலி சீக்கிரம் மசியும், பெண் எலி தாக்குப் பிடிக்கும், அதனால் ஆண்களை மட்டுமே வைத்து எழுதிய கட்டுரைகள் ஏராளம். டைப் 1-க்குப் பயன்படும் நாட் எலியில் இது தலைகீழ், பெண்களுக்குத்தான் அதிகம் வரும். அது ஜப்பானில் ஷியோனோகி என்ற மருந்து நிறுவனத்தில் கண்புரை ஆராய்ச்சிக்காக வளர்த்த வம்சத்திலிருந்து தற்செயலாகக் கிடைத்தது, 1980-இல் அறிவித்தார்கள். அதன் கணையத்தை அதன் சொந்த நோய் எதிர்ப்பு செல்களே தாக்கும். வேடிக்கை என்னவென்றால் கூண்டு சுத்தமாக இருந்தால்தான் நோய் ஒழுங்காக வரும், கிருமி நடமாட்டம் இருந்தால் குறைந்துவிடும். அந்த எலியில் நோயைத் தடுத்த சிகிச்சைகள் நூற்றுக்கும் மேல். இன்சுலினை வாய்வழி கொடுத்தால் கூடத் தடுத்தது, மனிதரில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது பொதுவாகப் பலிக்கவில்லை. ஆனால் 1994-இல் இதே எலியில் பலித்த ஒரு வகை எதிர்ப்புரதம், டெப்லிசுமாப் என்ற மருந்தாகி 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, டைப் 1 வரப்போகிறவர்களுக்கு அதைச் சுமார் இரண்டு வருடம் தள்ளிப்போடுகிறது. எலியே வீண் என்று சொல்கிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவது இதை வைத்துத்தான்.

சரி, சித்தப்பாவின் இலைச் சாறு. கட்டுரையைத் தேடிப் படித்தேன். எதிர்பார்த்தபடியே ஸ்ட்ரெப்டோசோடோசின் எலி. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்த ரசாயனம் அது, இன்சுலின் சுரக்கும் செல்களைத் தேடிப்போய்க் கொல்லும். அதனாலேயே 1982-இல் கணையத்தின் அந்த வகைச் செல்களில் வரும் புற்றுநோய்க்கு மருந்தாகவும் அனுமதி பெற்றது. ஒரு ஊசி, இரண்டு மூன்று நாளில் எலிக்குச் சர்க்கரை. மலிவு, சுலபம், ஆகவே நம் நாட்டில் மூலிகை ஆராய்ச்சி என்றாலே இதுதான். ஆவாரம்பூ, நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான், எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கட்டுரை உண்டு. அந்த இலைகளில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு இருபது வருடமாகத் தொப்பையோடு கூடவே வளர்ந்த டைப் 2. இன்சுலின் இருக்கிறது, தசையும் ஈரலும் அதை மதிக்கவில்லை. அந்த எலி போன வாரம் வரை ஆரோக்கியமாக இருந்தது, திடீரென்று செல்களை விஷம் வைத்துக் கொன்றார்கள். அந்த விஷ ஊசியின் அளவு குறைவாக இருந்தால் மிச்சமிருக்கும் செல்கள் தேறி, எதுவும் கொடுக்காமலேயே சர்க்கரை கொஞ்சம் இறங்குவதும் உண்டு. சாற்றைச் சர்க்கரை வந்த பிறகு கொடுத்தார்களா, விஷ ஊசிக்கு முன்பே கொடுக்க ஆரம்பித்தார்களா என்று பார்க்க வேண்டும். முன்பே என்றால் அது சர்க்கரைக்கு மருந்தாக இல்லாமல் விஷத்துக்கு முறிவாக மட்டும் வேலை செய்திருக்கலாம். இந்தக் கட்டுரையில் முன்பேதான்.

நமக்குப் பொருத்தமான பிராணி ஒன்று வேண்டுமென்றால் நான் காட்டுவது வேறொன்று, அது சுண்டெலி கூட இல்லை, பெரிய எலி. பிறக்கும்போது எடை குறைவு, பார்க்க ஒல்லி, ஆனால் வயிற்றுக்குள் கொழுப்பு, முப்பத்தைந்து நாற்பதில் சர்க்கரை: நம் குடும்பங்களில் பாதிப்பேர் இப்படித்தான். நீலத் தீனி தின்ற கறுப்பு எலி இதைக் காட்டாது, அதன் முன்னோர்கள் பட்டினி பார்த்ததே இல்லை. இந்திய ஆய்வாளர்களும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 50 தலைமுறையாக அரைவயிற்றுக்குப் போட்டு வளர்த்த எலிகள் இருந்தன. குட்டிகள் எடை குறைந்து பிறந்தன, உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தது, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. பிறகு வயிறாரச் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். இரண்டு தலைமுறை போட்டும் சரியாகவில்லை.